தார் போடும் முன் ஒரு குழாய்

வீடு கட்டி முடித்தவர் மின் இணைப்பு கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு இதை மின் விநியோக நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். லைனை நீட்டித்தால்தான் மின்சாரம் போகும் என்ற இடங்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டே தவிர, கடமையிலிருந்து விலக்கு இல்லை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் இந்தக் கெடுவைப் பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள் என்று இன்னும் சுருக்கின. நடைமுறையில் கெடு எப்படி நீளும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முறையிடப் போகிறவர் கையில் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. அதே வீட்டுக்காரர் ஃபைபர் இணையம் கேட்டுப் போனால் கையில் ஒன்றும் இல்லை. அகன்ற அலைவரிசைச் சேவைக்கு 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த தர விதிமுறை, 15 வேலை நாளில் இணைப்பு தர வேண்டும் என்றது. கூடவே ‘தொழில்நுட்பச் சாத்தியத்துக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டது. பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடித்தால் நாளுக்கு 10 ரூபாய் கழிவு, அதுவும் நிறுவல் கட்டணத்தைத் தாண்டாமல். 2024இல் அதன் இடத்துக்குப் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனால் கேபிள் எட்டாத தெருவுக்குக் கேபிளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடமை இன்றைக்கும் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

இதன் விளைவை நகரங்களின் ஓரத்தில் பார்க்கலாம். படப்பையாக இருந்தாலும் சரி, கோவையில் சரவணம்பட்டியைத் தாண்டிய பகுதியாக இருந்தாலும் சரி, எல்லைக்கல் நட்ட மனைகளும், நடுவே முப்பதடி ரோடும், அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பிய வீடுகளும்தான் காட்சி. எண்பது மனையில் பன்னிரண்டில் குடிவந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் நிறுவனத்தின் கணக்கு அங்கே எப்படி ஓடும்? எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி கருவியிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு கண்ணாடி இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டிக்குள் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. லாபம் இருப்பதே இந்தப் பிரிப்பில்தான். 32 பேர் சுமக்க வேண்டிய செலவைப் பன்னிரண்டு பேர் தலையில் கட்ட முடியாது. அந்தப் பன்னிரண்டிலும் பாதிப் பேர் வேறு நிறுவனத்துக்குப் போகக்கூடும். அதனால்தான் ‘பத்து வீடு சேர்ந்து கேளுங்க’ என்கிறார்கள், ‘ஃபீசிபிலிட்டி இல்ல சார்’ என்கிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் தவறில்லை. இந்த இடைவெளியில் நுழைகிறவர் உள்ளூர் கேபிள்காரர். மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்கு, கம்பம் இல்லாத இடத்தில் வேப்பமரத்திலிருந்து மொட்டை மாடிக்கு என்று கேபிளைத் தொங்கவிட்டு இணைப்பைத் தந்துவிடுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. பெரியவர்கள் வராத தெருவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். ஆனால் அந்தக் கேபிளின் ஆயுள், அடுத்த மனையில் வீடு கட்டத் தொடங்கி எம்-சாண்ட் லாரி உள்ளே வருகிற வரைக்கும்தான். லாரி தப்பவிட்டதை ஐப்பசிக் காற்று அறுக்கும். காற்றும் தப்பவிட்டால், அனுமதியில்லாத கேபிள்களை அகற்ற மாநகராட்சி ஆள் அனுப்பும் நாளில் போகும்.

என் வாதம் ஒன்றுதான். புது வீட்டுக்கு ஃபைபர் வராததற்குக் காரணம் கேபிள் பற்றாக்குறை என்று நினைக்கிறோம். உண்மையில் இல்லாதது, கேபிளை விட ஒரு குழாய். மனைப்பிரிவுக்கு ரோடு போடும்போதே அந்தக் குழாயைப் புதைக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்தால், மீதி வேலையைப் பெருமளவு சந்தையே பார்த்துக்கொள்ளும். கண்ணாடி இழை மலிவு. மண்ணைத் தோண்டுவதுதான் செலவு. அதிவேக இணையக் கட்டமைப்பின் செலவைக் குறைக்க 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறை, மொத்தச் செலவில் 80 சதவீதம் வரை சிவில் வேலைக்கே போகக்கூடும் என்று கணக்கிட்டது. நம் ஊர்க் கூலி வேறு, ஆனால் செலவு சாயும் பக்கம் மாறாது. மனைப்பிரிவு உருவாகும்போது ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் தண்ணீர்க் குழாய்க்குமாக மண் எப்படியும் திறந்து கிடக்கிறது. ஜேசிபியும் அங்கேயே நிற்கிறது. அந்த வாரத்தில் ஓரமாக ஒரு எச்டிபிஇ குழாயை இறக்கினால், ஆகும் செலவு குழாயின் விலையும் கொஞ்சம் கூலியும். அதையே தார் போட்டுச் சில வருடம் கழித்துச் செய்யப் போனால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், ரோடு வெட்டும் கட்டணம் கட்ட வேண்டும், வெட்டிய இடத்தை மூட வேண்டும், வெட்டும்போது உடைகிற தண்ணீர்க் குழாய்க்குப் பதில் சொல்லவும் வேண்டும். இப்படி ஆளுக்கொரு பக்கம் தோண்டுவதால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஃபைபர் கேபிள்கள் வெட்டுப்படுகின்றன, இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டுவதற்கு முன் தகவல் தருவதற்கென்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை 2023 மார்ச்சில் வெளியிட்டது. தோண்டுகிறவர்களை ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ளச் சொல்வது நல்லதுதான். திரும்பத் தோண்டத் தேவையில்லாதபடி ரோடு போடுவது அதைவிட நல்லது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். வரைபடத்தில் ஏசி பாயிண்ட் இருக்கும், கீசர் பாயிண்ட் இருக்கும், பூஜை அறை விளக்குக்குக்கூடத் தனி சுவிட்ச் இருக்கும். இணையத்துக்கு ஒரு குழாய் இருக்காது. பூச்சும் பட்டியும் பெயிண்டும் முடிந்த பிறகு ஃபைபர் ஆள் வருகிறார். ஜன்னல் சட்டத்தை ஒட்டி டிரில்லால் ஓட்டை போடுகிறார், புதுப் பெயிண்டின் மேலேயே கிளிப் அடித்துக் கேபிளை இழுக்கிறார், கேபிள் எட்டிய இடத்தில், இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். அந்த இடம் அநேகமாக வாசல் பக்கத்து மூலை. அங்கிருந்து மாடி அறைக்கு வைஃபை போக வேண்டுமென்றால் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது பெரிய பாடு. இத்தனைக்கும் கட்டும்போது செய்திருந்தால் இது எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை. காம்பவுண்டு கேட் தூணிலிருந்து வீட்டின் நடுவே படிக்கட்டுச் சுவர் வரை ஓர் அங்குலக் குழாய். அது முடியும் இடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பிளக் பாயிண்ட்டும், ஏனென்றால் ஓஎன்டிக்கும் கரண்ட் வேண்டும். அங்கிருந்து மாடிக்கு லேன் ஒயர் போக இன்னொரு குழாய். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. திருப்பங்களில் எல்போ வைக்கக் கூடாது, நீண்டு வளையும் பெண்ட்தான் வைக்க வேண்டும். இழையின் தடிமன் 125 மைக்ரான். தாமிர ஒயரைப் போல அதை மடக்கி இழுக்க முடியாது. பழைய ஜி.652 வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி வெளியே கசியும். வீட்டு இணைப்புக்கென்று வந்த ஜி.657 வகை 10 மில்லிமீட்டர், அதன் மேம்பட்ட ரகம் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். ஆனாலும் எல்போவின் செங்குத்து மூலையில் கேபிள் சிக்கி நிற்கும். பலமாக இழுத்தால் போச்சு. குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் கட்டி வைத்துவிட்டால், பின்னால் எந்த நிறுவனத்து ஆள் வந்தாலும் கேபிளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். சுவரைத் தொட வேண்டியதில்லை.

மற்ற நாடுகள் இதை வீட்டுக்காரரின் முன்யோசனைக்கு விட்டுவிடவில்லை. ஸ்பெயின் 1998லேயே புதிய குடியிருப்புக் கட்டடங்களில் தொலைத்தொடர்புக்கான பொதுக் கட்டமைப்பைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 2009இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, டெலிஃபோனிகா நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்களைப் போட்டி நிறுவனங்களும் வாடகைக்குப் பயன்படுத்த வழிசெய்தது. இன்று அங்கே பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் ஃபைபர் எட்டுகிறது. அதைவிடப் பணக்கார நாடான ஜெர்மனி இதில் வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது. ஆக, பணம் மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. இங்கிலாந்தில் 2022 டிசம்பர் 26 முதல் புது வீடு கட்டுகிற நிறுவனங்கள் கிகாபிட் இணைப்புக்கான கட்டமைப்பை வீட்டோடு சேர்த்தே தர வேண்டும். வீடொன்றுக்கு 2,000 பவுண்டுக்குள் முடிகிற இடங்களில் இணைப்பையும் அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். நம்மிடம் இந்தச் சிந்தனையே இல்லை என்று சொல்ல முடியாது. மாதிரிக் கட்டட விதிகளில் டிஜிட்டல் தொடர்புக் கட்டமைப்புக்கென்று 2022இல் ஒரு பிற்சேர்க்கை வந்தது. தண்ணீர், மின்சாரம்போல இதையும் கட்டடத்தின் அத்தியாவசிய அங்கமாக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையையும் வெளியிட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் பொதுக் குழாய்ப் பாதைகள் பற்றிய பிரிவே இருக்கிறது. அதன்கீழ் வந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. குறை எங்கே என்றால், மாதிரி விதி மாநிலம் ஏற்றுக்கொள்ளும் வரை மாதிரியாகவே இருக்கும். நட்சத்திர மதிப்பீடு விருப்பப்பட்டு வாங்கிக்கொள்வது. பெரிய அடுக்குமாடியும் மாலும் ஐந்து நட்சத்திரத்துக்குப் போட்டி போடலாம். அரை கிரவுண்டில் தனி வீடு கட்டுகிறவருக்கு நட்சத்திரத்தால் என்ன ஆகப் போகிறது?

அவருக்கு உதவக்கூடிய ஆவணம் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அதில் கை வைக்க வேண்டிய இடம் எது என்பதில் தெளிவு வேண்டும். கட்டடப் பணி முடிவுச் சான்றிதழின்போது சோதித்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும்; சிறு குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை என்று விலக்கு கொடுத்தாகிவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும் கிடைக்கிறது. அது நல்ல ஏற்பாடு, அதைக் கெடுக்க வேண்டாம். எனவே வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் திட்டம் இங்கே எடுபடாது. மனைப்பிரிவு ஒப்புதல் அப்படியல்ல. அங்கே விற்பனையாளர் ரோடு போட்டுக் காட்ட வேண்டும். ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவென்றால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். இதையெல்லாம் முடிக்காமல் மனையை விற்க முடியாது என்பதால் வேலை நடக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் போதும்: ரோட்டோரம் குழாய், சில மனைகளுக்கு ஒரு சிறு தொட்டி, தொட்டியிலிருந்து ஒவ்வொரு மனையின் எல்லை வரை ஒரு கிளைக் குழாய். வீட்டுக்குள் போக வேண்டிய குழாயைச் சுயசான்று வரைபடத்தில் ஒரு கோடாகக் காட்டச் சொன்னால், வீட்டுக்காரருக்கு நினைவூட்டலாகவாவது இருக்கும்.

முதலில் வரும் மறுப்பு செலவு. மனை விலை ஏற்கெனவே கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு சுமையா என்பார்கள். நியாயமான கேள்வி. விற்பனையாளர் தன் கையிலிருந்து எதையும் போடப் போவதில்லை, சதுர அடி விலையில்தான் ஏற்றுவார். ஆனால் குழாய் இல்லாததற்கும் வாங்குகிறவர்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ரசீதில் வராததால் தெரிவதில்லை. கூடுதல் கேபிள் தூரத்துக்கென்று கேட்கும் பணம், போட்டியே இல்லாத ஒற்றை நிறுவனத்தின் மாதக் கட்டணம், வேலை நேரத்தில் இணைப்பு அறுந்தால் போகும் ஒரு நாள், சுவருக்கு மறுபடி அடிக்கும் பெயிண்ட் என்று அது பல தவணைகளில் போகிறது. இங்கிலாந்தைப் போல உச்சவரம்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாறைப் பாங்கான இடம், ஊரிலிருந்து வெகுதூரம் என்றால் அந்த வரம்போடு விற்பனையாளரின் கடமை முடியட்டும்.

அடுத்தது, கம்பியே தேவைப்படாத காலம் வந்துவிட்டது என்ற மறுப்பு. இதற்குக் கனம் அதிகம். 2025 தொடக்கத்தில் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி அகன்ற அலைவரிசை இணைப்புகளில் கம்பிவழி இணைப்பு 4 கோடியைச் சற்றே தாண்டியது, மற்றதில் கிட்டத்தட்ட எல்லாமே கைபேசி. 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் 5ஜி வழியாக வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபரைத் தொடங்கியபின், ஃபைபர் வராத பல தெருக்களில் மொட்டை மாடி ஆன்டெனா அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. படம் பார்க்க, பாடம் படிக்க அது போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் தெரு நிறையும்போது வரும். ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையை அதன் சுற்றுவட்டத்தில் உள்ள எல்லாரும் பங்கிட வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கு ஓடியது அறுபது வீட்டுக்கும் அப்படியே ஓடாது. ஃபைபரில் வேகம் கூட்ட வேண்டுமானால் இரு முனையிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும், இழை அப்படியே இருக்கும். இன்னொன்று, கம்பியில்லா இணையமும் கோபுரத்திலிருந்து நன்றாகப் போக ஃபைபர்தான் வேண்டும். கோபுரங்களில் 70 சதவீதத்தையாவது ஃபைபரில் இணைக்க வேண்டும் என்பது 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய அகன்ற அலைவரிசை இயக்கத்தின் இலக்குகளுள் ஒன்றாக இருந்தது. மனைப்பிரிவுக்குள் நாளை சிறு 5ஜி கருவி வைப்பதாக இருந்தாலும் அதற்கும் தெருவில் குழாய் வேண்டும்.

எனக்கே தயக்கம் தருகிற மறுப்பு மூன்றாவது. தமிழ்நாடு 2003இல் அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதனால் சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்ததும் உண்மை. நாளடைவில் அது பல வீடுகளில் வரைபடத்துக்காகப் போட்ட குழாயாகிப் போனதும் உண்மை. இந்தக் குழாயும் அப்படித்தான் ஆகும், ஒப்புதல் தருகிற மேசையில் கை நீட்ட இன்னொரு காரணம் கிடைக்கும் என்று சொல்கிறவரை எப்படிக் குறை சொல்வது? இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மழைநீர்த் தொட்டி வேலை செய்கிறதா என்பது மழை பெய்து, நிலத்தடி நீர் ஏறினால்தான் தெரியும்; அதன் பலன் ஊருக்குப் பொதுவானது, தனியாக யாரும் கேட்டு வரமாட்டார்கள். குழாய் அடைத்திருக்கிறதா என்பதைக் கயிற்றை இழுத்து அங்கேயே பார்த்துவிடலாம். இணைப்பு வராத வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். ரோட்டை ஒப்படைக்கும் நாளில் தொட்டிக்குத் தொட்டி கயிற்றை இழுத்துப் பார்ப்பதையே சோதனையாக வைக்கலாம். மண் அடைப்பது, மழைநீர் தேங்குவது, எலி கடிப்பது எல்லாம் நடக்கத்தான் செய்யும். தொட்டி மூடியைச் சரியாகப் போட்டு, காலிக் குழாய்களின் வாயை அடைத்து வைப்பது இதற்கான வழக்கமான வேலை; அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். குழாய் விற்பனையாளர் கையில் இருந்தால், அதை ஒரே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். அடுக்குமாடிகளில் பில்டர் கைகாட்டும் நிறுவனத்தைத் தவிர மற்றவர் உள்ளே வர முடியாத நிலை இப்போதே பல இடங்களில் உண்டு. ரோட்டோடு சேர்த்து உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், வழியுரிமையைப் பாரபட்சமில்லாமலும் ஒருவருக்கே என்றில்லாமலும் தர வேண்டும் என்ற 2023 சட்டத்தின் நெறி அதற்குப் பொருந்தும். உள்ளாட்சி மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கட்டும். ஆனால் அந்த வாடகையை மாநில அரசு ஒரே சீராக, குறைவாக நிர்ணயிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பேரூராட்சியும் அதை வருமான வழியாகப் பார்க்கும். நிறுவனங்கள் குழாயைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி வேப்பமரத்துக்கே போகும். உள்ளூர் கேபிள்காரருக்கும் அதே வாடகைதான் இருக்க வேண்டும். குழாய் வந்தால் பிழைப்பு போகும் என்று அவர் பயப்படலாம். மாதாமாதம் அறுந்த கேபிளை ஒட்டுப்போடும் செலவு குறைவதால், அவர் இணைப்பு இதுவரை இல்லாத அளவுக்கு நிலையாக ஓடவும் வாய்ப்பிருக்கிறது.

புதிய மனைப்பிரிவுகளுக்குச் செய்யும் விதி பழையவற்றுக்குப் போய்ச் சேராது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். அந்த மனைகளில் இன்றும் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் அந்த வீட்டுக்காரர்களைக் கண்டுகொள்ளாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது அதன் வேலை, ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் இருக்கும் புதுத் தெரு அதன் கணக்கில் இல்லை. ஆனால் இந்தத் தெருக்களிலும் என்றாவது ஒருநாள் பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்த் திட்டத்துக்கோ பொதுப் பணத்தில் பள்ளம் தோண்டப்படும். நகராட்சி நிர்வாகத் துறை ஓர் அரசாணை போட்டு, அத்தகைய ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியின் மதிப்பீட்டிலும் ஃபைபர் குழாயை ஓர் இனமாகச் சேர்க்கச் சொன்னால், பள்ளத்தை மூடித் தார் போடுவதற்குள் அந்த வேலையும் முடிந்துவிடும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.